முன்னால் நிற்பவரின் பாக்கி

டெல்லியில் முதல் வீடு வாங்குகிறவர்கள் உண்மையில் யாருக்காகக் காத்திருக்கிறார்கள்?

2011 ஜூலையில், கிரேட்டர் நொய்டாவில் ஷாபேரி என்ற கிராமத்தின் சுமார் 156 ஹெக்டேர் நிலத்தைக் கையகப்படுத்தியது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிலம் விவசாயிகளிடமே திரும்பியது. அதற்குள் அது பில்டர்கள் கைக்குப் போய், அவர்கள் வண்ண வண்ணமாக வரைபடம் காட்டி முன்பதிவும் வாங்கிவிட்டிருந்தார்கள். பணம் கட்டியவர்கள் அந்த விவசாயிகளில் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. அரசு எந்த அவசரப் பிரிவைக் காட்டி நிலத்தை எடுத்தது என்பதும் அவர்களுக்குத் தெரியாது. வழக்கில் அவர்கள் பெயர் எங்கும் இல்லை. நின்றுபோனது அவர்களுடைய வீடு.

வீடு தாமதமானால் முதலில் பில்டரைத் திட்டுவோம். பெரும்பாலும் திட்டு போகவேண்டிய இடத்துக்குத்தான் போகிறது. ஆனால் டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள நொய்டா, காஜியாபாத், குருகிராமிலும் ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் ஒரு வரிசை நிற்கிறது. நிலம் கொடுத்தவர், நிலத்தை எடுத்த ஆணையம், அதைக் குத்தகைக்கு வாங்கிய பில்டர், அவருக்குக் கடன் கொடுத்த வங்கி. பழைய வீடு என்றால் விற்பவர், அவருடைய வங்கி, அவர் அடுத்து வாங்கப்போகும் வீடு. இதில் யாருடைய பாக்கி தீராவிட்டாலும் கடைசியில் நிற்பவருக்குச் சாவி வராது. ஏற்கெனவே சொந்த வீடு இருப்பவர் பொறுத்துக்கொள்ளலாம். முதல் வீடு வாங்குகிறவர் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் ஒரு கையால் வாடகையும் மறு கையால் தவணையும் கட்டுகிறார்.

டெல்லித் தமிழர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு நெருக்கடி உண்டு. ஆர்.கே.புரத்திலும் இன்னும் பல இடங்களிலும் அரசுக் குடியிருப்பில் வாழ்ந்த தலைமுறைக்கு வாடகை ஒரு பெரிய விஷயமாகவே இருந்ததில்லை. ஓய்வு பெற்ற சில மாதங்களில் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும் என்ற நாள் வரும்போதுதான் வீட்டைப் பற்றிய பேச்சே எழும். அந்த நாளைக் கணக்குப் போட்டு யமுனையைத் தாண்டி, மயூர் விஹாரையும் தாண்டி, நொய்டாவில் பணம் கட்டிவைத்த குடும்பங்கள் பல. ஓய்வு நாள் தவறாமல் வந்துவிடும். வீடு வந்ததா என்பது வேறு கதை.

1981லேயே தொடங்கிய வரிசை

தாமதத்தைத் தனியார் பில்டர்கள் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். டெல்லி வளர்ச்சி ஆணையமான டிடிஏ 1957இல் உருவானது. அது 1981இல் ரோஹிணியில் மனைகள் தருவதாக அறிவித்தது. 82,000க்கும் மேற்பட்டோர் பணம் கட்டிப் பதிவு செய்தார்கள். சில ஆண்டுகளில் எல்லோருக்கும் மனை என்றது அறிவிப்பு. நிலம் கையகப்படுத்துவது இழுத்தது. எடுத்த நிலத்தில் சாலையும் சாக்கடையும் வரவில்லை. 30 ஆண்டுகள் கழித்தும் மனை கிடைக்காதவர்கள் இருந்தார்கள், அவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 30 வயதில் பதிவு செய்தவர் 60 வயதில் மனை ஒதுக்கீட்டுக் கடிதத்தைப் பிரிப்பதைக் கற்பனை செய்து பார்க்கலாம். அரசு நிறுவனம் என்றால் பணம் எங்கும் போகாது என்ற நம்பிக்கை பொய்யாகவில்லை. பணம் எங்கும் போகவில்லை. காலம்தான் போனது.

பத்து சதவீதத்தில் கைமாறிய நிலம்

டிடிஏவின் வேகம் இப்படி இருந்ததால்தான் மக்கள் யமுனையைத் தாண்டினார்கள். நொய்டா, கிரேட்டர் நொய்டா ஆணையங்கள் பில்டர்களுக்கு நிலத்தை 90 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தன. ஒரு கட்டத்தில், விலையில் பத்து சதவீதம் மட்டும் முன்னால் கட்டினால் போதும், மீதியைப் பல ஆண்டுத் தவணையில் கட்டலாம் என்று விதியைத் தளர்த்தின. கையில் பத்து ரூபாய் வைத்திருப்பவர் நூறு ரூபாய் நிலத்துக்குச் சொந்தக்காரர் போல விற்க ஆரம்பித்தார். ஒரு திட்டத்துக்காக மக்கள் கட்டிய பணத்தில் அடுத்த நிலத்துக்கான பத்து சதவீதம், அதற்கு வந்த முன்பதிவில் அதற்கடுத்த நிலம். என் கணக்கில் இந்தக் கதையின் முதல் குற்றவாளி அந்தத் தளர்வுதான். பில்டரின் பேராசை எல்லா ஊரிலும் இருக்கிறது. அதற்கு இவ்வளவு மலிவாக நிலம் கொடுத்த அரசு அமைப்பு எல்லா ஊரிலும் இல்லை.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. 2011 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் விவசாயிகளுக்கு 64.7 சதவீதம் கூடுதல் இழப்பீடும் மேம்படுத்திய நிலத்தில் பங்கும் தரச் சொன்னது. 2015இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. விவசாயிகளுக்குக் கிடைக்கவேண்டியதுதான், ஆனால் அந்தச் சுமையை ஆணையங்கள் தங்களோடு வைத்துக்கொள்ளவில்லை, வரிசையில் கீழே தள்ளிவிட்டன. 2013இல் ஓக்லா பறவைகள் சரணாலயத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் நடந்த கட்டுமானங்களுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது. கட்டி முடித்த கோபுரங்களுக்கும் நிறைவுச் சான்று நின்றது. 2015 ஆகஸ்டில் மத்திய அரசு சரணாலயத்தின் பாதுகாப்பு எல்லையைப் பெரும்பாலான பக்கங்களில் 100 மீட்டர் என்று அறிவித்த பிறகே முடிச்சு அவிழ்ந்தது. பறவைகளை யாரும் குறை சொல்ல முடியாது. சரணாலயம் இருப்பது தெரிந்தே அனுமதி கொடுத்தவர்களைச் சொல்லலாம்.

தோனியும் நின்ற வரிசை

இந்த வரிசையில் எல்லோருக்கும் தெரிந்த முகம் நம் தல தோனி. ஆம்ரபாலி என்ற பில்டர் குழுமத்தின் விளம்பர முகமாக இருந்தார். வீடு கிடைக்காதவர்கள் சமூக ஊடகத்தில் அவரையே நேராகக் கேட்க ஆரம்பித்ததும் 2016இல் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். 2019இல் அவரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். தனக்கு வரவேண்டிய பணத்தையும், ராஞ்சியில் அந்தக் குழுமத்திடம் பதிவு செய்த வீட்டையும் காப்பாற்றித் தரச் சொல்லி. விளம்பரத்தில் இருப்பவருக்கே வீடு கைக்கு வராத கம்பெனியில், விளம்பரத்தைப் பார்த்து வாங்கியவரின் நிலை எப்படி இருந்திருக்கும்?

நீதிமன்றம் நியமித்த தணிக்கையாளர்கள் கணக்கைக் கிளறியபோது கிடைத்தவை சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம். அலுவலக உதவியாளர்கள், டிரைவர்கள் பெயரில் கம்பெனிகள். சதுர அடி ஒரு ரூபாய்க்குப் பதிவான வீடுகள். 2019 ஜூலை 23 அன்று நீதிபதிகள் அருண் மிஸ்ரா, யு.யு.லலித் அமர்வு தந்த தீர்ப்பில் ரேரா எனப்படும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தில் ஆம்ரபாலி செய்திருந்த பதிவும் அதன் நிலக் குத்தகைகளும் ரத்தாயின. 42,000க்கும் மேற்பட்டோர் காத்திருந்த வீடுகளைக் கட்டி முடிக்கும் வேலை அரசு நிறுவனமான என்பிசிசியிடம் போனது. மூத்த வழக்கறிஞர் ஆர்.வெங்கடரமணி நீதிமன்றத்தின் பொறுப்பாளர் ஆனார். பிறகு 2022இல் அவர் நாட்டின் அட்டர்னி ஜெனரல் ஆனார்.

அந்தத் தீர்ப்பில் முதல் வீடு வாங்குபவர் கவனிக்க வேண்டிய வரி வேறு. ஆணையங்களுக்கும் வங்கிகளுக்கும் பில்டர் வைத்த பாக்கியை வாங்கியவர்களின் வீட்டிலிருந்து வசூலிக்க முடியாது, குழுமத்தின் மற்ற சொத்துகளிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றது நீதிமன்றம். முன்னால் நிற்பவரின் பாக்கிக்காகக் கடைசி ஆளைப் பிடிக்காதே என்று ஒரு நீதிமன்றம் தெளிவாகச் சொன்ன அபூர்வமான இடம் அது.

ஜேபி கதையில் அந்தக் கடைசி ஆளுக்குப் பெயரே கிடையாது. யமுனை எக்ஸ்பிரஸ்வே போட்ட ஜேபி இன்ஃப்ராடெக் மீது ஐடிபிஐ வங்கி கொண்டுவந்த திவால் மனு 2017 ஆகஸ்ட் 9 அன்று ஏற்கப்பட்டது. 20,000க்கும் மேற்பட்டோர் வீட்டுக்குப் பணம் கட்டியிருந்தார்கள். ஆனால் திவால் சட்டத்தில் கடன் கொடுத்தவர் என்றால் வங்கி. வீட்டுக்குப் பணம் கொடுத்தவர் அந்தக் கணக்கில் வரவில்லை. அவர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2018 ஜூனில் அவசரச் சட்டம் வந்தது. வீடு வாங்குபவர்களும் நிதிக் கடன் கொடுத்தவர்களே, கடன் கொடுத்தோர் குழுவில் அவர்களுக்கும் ஓட்டு உண்டு என்றது. அது செல்லும் என்று 2019 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. இதற்குப் பிறகும், சுரக்ஷா குழுமத்தின் மீட்புத் திட்டத்துக்குத் திவால் வழக்கை விசாரித்த தீர்ப்பாயம் ஒப்புதல் தர 2023 மார்ச் ஆனது.

குடி போயும் பத்திரம் இல்லை

வீடு கட்டி முடித்து, சாவி கொடுத்து, பால் காய்ச்சிக் குடியேறிய பிறகும் பத்திரப் பதிவு நடக்காத குடும்பங்கள் நொய்டாவில் ஏராளம். இங்கே அதை ரெஜிஸ்ட்ரி என்பார்கள். காரணம், பில்டர் ஆணையத்துக்கு நிலத்தின் பாக்கியைக் கட்டவில்லை. பாக்கி தீராமல் ஆணையம் அனுமதி தராது. அனுமதி இல்லாமல் பதிவு கிடையாது. வாங்கியவர் தன் முழுப் பணத்தையும் எப்போதோ கட்டிவிட்டார். மின்சாரம், பராமரிப்பு, தவணை எல்லாம் அவர் பெயரில். வீடு மட்டும் அவர் பெயரில் இல்லை. விற்க முடியாது, நல்ல வட்டிக்கு வேறு வங்கிக்குக் கடனை மாற்றுவதும் கடினம்.

2023 மார்ச்சில் மத்திய அரசு அமிதாப் காந்த் தலைமையில் ஒரு குழு அமைத்தது. நாடு முழுதும் இப்படிச் சிக்கிய வீடுகள் சுமார் 4.12 லட்சம், அவற்றில் 2.4 லட்சம் டெல்லி வட்டாரத்தில் என்ற கணக்கை அந்தக் குழு முன்வைத்தது. நாட்டில் பாதிக்கு மேல் ஒரே வட்டாரத்தில்! குழுவின் பரிந்துரைகளை ஒட்டி உத்தரப் பிரதேச அரசு 2023 டிசம்பரில் ஒரு வழி திறந்தது. பாக்கியில் 25 சதவீதத்தை முதலில் கட்டும் பில்டரின் வீடுகளுக்குப் பதிவு தொடங்கலாம், மீதியை மூன்று ஆண்டுக்குள் கட்ட வேண்டும். 2024இல் பதிவுகள் தொடங்கின. ஆனால் 25 சதவீதத்தையும் கட்டாத பில்டரின் வாசலில் நிற்பவருக்கு இதனால் ஒன்றும் நடக்கவில்லை.

நின்றுபோன கட்டடங்களை முடிப்பதற்காக 2019 நவம்பரில் 25,000 கோடி ரூபாயில் ஸ்வாமி நிதி அறிவிக்கப்பட்டது. அதில் 50,000 வீடுகள் முடிந்திருப்பதாக 2025 பட்ஜெட் உரை சொன்னது. இன்னொரு 15,000 கோடிக்கு இரண்டாவது நிதியும் அறிவித்தது. வேலை நடக்கிறது. ஆனால் 4.12 லட்சத்துக்கு முன்னால் 50,000 எவ்வளவு என்று வாசகரே கணக்குப் போடலாம்.

பழைய வீடு வாங்கினால்?

"புதுசே வேண்டாம், நின்றுகொண்டிருக்கும் வீட்டைப் பார்த்து வாங்குவோம்" என்று துவாரகாவுக்கோ பட்பர்கஞ்சுக்கோ போகிறவர்கள் அதிகம். புத்திசாலித்தனமான முடிவு என்றே நானும் சொல்வேன். ஆனால் அங்கும் வரிசை உண்டு, ஆட்கள்தான் வேறு.

விற்பவர் குருகிராமில் பெரிய வீட்டுக்குப் பணம் கட்டியிருப்பார். அந்தச் சாவி வந்த பிறகே இதைக் காலி செய்வார். அல்லது கோயம்புத்தூருக்கே திரும்ப நினைத்து அங்கே வீடு தேடிக்கொண்டிருப்பார். அவருடைய மூலப் பத்திரம் ஒரு வங்கியில் அடமானத்தில் இருக்கும். உங்கள் வங்கி அவருடைய வங்கிக்குப் பணம் கட்டி, அந்த வங்கி பத்திரத்தை விடுவித்து, சொசைட்டி ஆட்சேபமில்லை என்று கடிதம் கொடுத்து, பிறகே பதிவு. இதற்குள் உங்கள் கடன் ஒப்புதலுக்கான சில மாதக் கெடு முடிந்து, மறுபடி சம்பளச் சீட்டு, மறுபடி மதிப்பீடு என்று முதலிலிருந்து ஓடவேண்டி வரும்.

இதில் ஒரு கண்ணியை ரிசர்வ் வங்கி சரி செய்திருக்கிறது. கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் 1 முதல் இது நடப்பில் இருக்கிறது. விற்பவருக்கே இது தெரியாமல் இருக்கலாம். சொல்லிக் கொடுங்கள், லாபம் உங்களுக்கும்தான்.

டெல்லியில் இன்னொரு பழைய வியாதி, பவர் ஆஃப் அட்டர்னி. டிடிஏ வீடுகள் குத்தகை உரிமையில் இருந்த காலத்தில், மாற்றுவதற்கு அனுமதியும் கட்டணமும் வேண்டியிருந்ததால், கிரயப் பத்திரம் இல்லாமல் பவர், ஒப்பந்தம், உயில் என்று மூன்று காகிதத்தில் வீடுகள் கை மாறின. 2011 அக்டோபரில் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட விற்பனையால் உரிமை மாறாது என்று தீர்த்துச் சொன்னது. இன்றும் புரோக்கர் காட்டும் காகிதக் கட்டில் முதல் ஒதுக்கீட்டாளரிலிருந்து இன்றைய ஆள் வரை நாலைந்து பவர் இருக்கும். நடுவில் ஒன்று தொலைந்திருந்தால் வங்கியின் வக்கீல் அங்கேயே நிறுத்திவிடுவார். முன்பணம் கொடுத்த பிறகு இதைக் கண்டுபிடிப்பதைவிடக் கொடுக்கும் முன்பே ஒரு வக்கீலிடம் காகிதக் கட்டைக் காட்டிவிடுவது மலிவு. நம் ஊரில் இணையத்தில் வில்லங்கச் சான்று எடுத்துப் பழகியவர்களுக்கு, டெல்லியில் ஆள் வைத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடுவது சலிப்பாக இருக்கும். ஆனாலும் தேடுங்கள்.

பயானா என்பது முன்பணம். விலையில் பத்து சதவீதம் வழக்கம். வாங்குபவர் பின்வாங்கினால் அது போச்சு, விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் தரவேண்டும் என்று எழுதுவதும் வழக்கம். எழுதுகிறவர்கள் தேதியைத்தான் அசட்டையாக விடுகிறார்கள். அசையாச் சொத்து ஒப்பந்தத்தில், தெளிவாக எழுதினாலொழிய, காலக்கெடு உயிர்நாடியாகக் கருதப்படாது என்பது சாந்த் ராணி வழக்கில் 1992இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது. அதாவது "மூன்று மாதத்துக்குள்" என்று போகிறபோக்கில் எழுதினால் போதாது. இந்தத் தேதிக்குள் நடக்காவிட்டால் என்ன, நாளொன்றுக்கு எவ்வளவு, யார் பணம் யாருக்கு என்று எழுத வேண்டும். விற்பவர் அடுத்த வீட்டுக்காகக் காத்திருப்பதாகச் சொன்னால், பதிவை முடித்துக்கொண்டு அவரையே சில வாரம் வாடகைக்கு இருக்கச் சொல்லலாம். விலையில் ஒரு பகுதியைக் காலி செய்யும் நாள்வரை நிறுத்தி வைக்கலாம். கேட்கக் கூச்சமாக இருக்கும். பெரும்பாலான விற்பவர்கள் ஒப்புக்கொள்வார்கள், அவர்களுக்கும் பணம் வேண்டும்.

விற்பவருக்கு வருமான வரிக் கெடுவும் இருக்கிறது. விற்ற லாபத்துக்கு வரிவிலக்கு வேண்டுமானால், விற்ற இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்க வேண்டும், கட்டுவதாக இருந்தால் மூன்று ஆண்டு. அவர் இழுத்தடிப்பதற்கும் திடீரென்று அவசரப்படுவதற்கும் பல நேரம் இதுதான் காரணம். பேரம் பேசும் முன் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

காத்திருக்கும் மாதங்களின் கணக்கு

வீடு கைக்கு வரும் முன்பு கட்டும் வட்டிக்கு அந்தந்த ஆண்டில் வரிச்சலுகை கிடையாது. பழைய வரி முறையில் இருப்பவர்கள் வீடு முடிந்த ஆண்டிலிருந்து ஐந்து சம பங்காகக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் வீடு முடியாவிட்டால், குடியிருக்கும் வீட்டுக்கான 2 லட்சம் ரூபாய்ச் சலுகை 30,000 ஆகச் சுருங்கிவிடும். பில்டர் தாமதித்ததற்கு வருமான வரித்துறை உங்களுக்கு அபராதம் போடுவது போலத்தான் இது. இதை மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு பட்ஜெட்டுக்கு முன்பும் ஒரு மனுவாவது போகிறது.

"சாவி வரும்வரை இஎம்ஐ இல்லை" என்ற விளம்பரம் இன்னும் ஆபத்து. வங்கி பெரும் தொகையைக் கட்டுமானம் வளரும் முன்பே பில்டருக்குக் கொடுத்துவிடும், சாவி வரை வட்டியைப் பில்டர் கட்டுவார் என்பது ஏற்பாடு. பில்டர் கட்டுவதை நிறுத்தியதும் வங்கி வாங்கியவரின் கதவைத் தட்டியது, ஏனென்றால் கடன் அவர் பெயரில். டெல்லி வட்டாரத்தில் இப்படிச் சிக்கியவர்களின் வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது; ஜூலையில் சிபிஐ 22 வழக்குகள் பதிந்தது. அந்த வழக்குகள் முடியும்போது யாருக்கு எவ்வளவு திரும்பும் என்பது அப்புறம். இப்போதே முடிவு செய்யக்கூடியது ஒன்று உண்டு. கடன் தொகை தளம் தளமாக, கட்டட வளர்ச்சிக்கேற்ப மட்டும் போகட்டும் என்று வங்கியிடம் எழுத்தில் கேட்பது.

2017 மே 1 முதல் முழுமையாக நடப்பில் உள்ள ரேரா சட்டம் உண்மையிலேயே நிலைமையை மாற்றியது. வாங்குபவர்கள் கட்டும் பணத்தில் 70 சதவீதம் அந்தத் திட்டத்துக்கான தனிக் கணக்கில்தான் இருக்க வேண்டும். சொன்ன தேதியில் வீடு வராவிட்டால் விலகி, வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இருக்க விரும்பினால் தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்கலாம். திரும்பக் கேட்பது நிபந்தனையற்ற உரிமை என்று 2021 நவம்பரில் நியூடெக் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால் உத்தரவு ஒன்று, வசூல் வேறொன்று. ரேரா தரும் வசூல் சான்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய், பில்டரிடம் பிடிக்க எதுவும் இல்லை என்று கிடக்கும் சம்பவங்கள் நொய்டாவில் சாதாரணம். அதனால், கட்டடம் பாதிக்கு மேல் வளர்ந்து வேலை மெதுவாகவாவது நடந்தால் உள்ளே இருந்துகொண்டு வட்டி கேளுங்கள். வேலை நின்றே போனால் தனியாக ஓட வேண்டாம், மற்ற வாங்குபவர்களோடு சேருங்கள். திவால் மனு போடவே 2020 முதல் குறைந்தது 100 பேர் அல்லது மொத்தம் வாங்கியவர்களில் பத்து சதவீதம் பேர் வேண்டும். ஆம்ரபாலியிலும் ஜேபியிலும் தனி ஆள் ஜெயிக்கவில்லை, சங்கங்கள்தான் நீதிமன்றத்தை அசைத்தன.

இந்த வாரக் கடைசியில் வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பில்டரிடம் மாதிரி வீட்டைப் பார்க்கும் முன், ஆணையத்துக்கு நிலப் பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். விற்பவரிடம் அவருடைய வங்கி தரும் கடன் பாக்கிக் கடிதத்தையும் பத்திரங்களின் பட்டியலையும் கேளுங்கள். புதிய திட்டத்தில் பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்க பில்டருக்கு உரிமையில்லை, அது ரேராவிலேயே இருக்கிறது. அதற்கு மேல் கேட்டால், ஒப்பந்தம் பதிவாகும் வரை ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.